திங்கட்கிழமை பள்ளி தொடங்கும்

மழை விட்ட நாலாம் நாள் மண்டூர்த் துறையில் அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்காகக் காத்து நின்றேன். முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவரின் கைபேசியில் பள்ளி அதிபரின் குரல் கேட்டது: திங்கட்கிழமை பள்ளி தொடங்கும், பெற்றோர் நாளை வந்து வகுப்பறைகளைக் கழுவித் தர வேண்டும்.

"இன்னும் ஒரு கிழமை மழை பெய்திரிக்கலாம்," என்றார் இளையவர்.

"விசரா மச்சாள் உனக்கு? பிள்ளைகள் படிக்க வேணாமா?"

"வெள்ளத்துக்கு ஓடிவந்து மூண்டாம் வகுப்புக்குள்ளதானே நாங்க இரிக்கம். வீட்டுக்குள்ள இன்னும் முழங்கால் தண்ணி."

"அதிபரிட்டச் சொன்னயா?"

"சொன்னன். அவரும் என்ன செய்யிற? மத்தச் சனமெல்லாம் வீட்ட போயிட்டு. நாங்க மட்டுந்தான் மிச்சம்."

"எங்கட விறாந்தைக்கு வா. மாடும் அங்கதான் நிக்கு, பாத்துக்க."

"மாடு என்னைப் போகச் சொல்லாதுதானே."

இருவரும் சிரித்தார்கள். பாதை கரையைத் தொட்டது.

"மகள் என்ன சொல்றாள்?"

"அவளுக்குச் சந்தோசம். அது அவள்ற வகுப்புத்தானே. பாயில இருந்து எழும்பினா அவள் இருந்து படிக்கிற வாங்காம், இனிப் பள்ளிக்குப் பிந்தவே மாட்டாளாம். நாளைக்கு வெளிக்கிடணும் எண்டு நான் இன்னும் சொல்லல்ல."