நான்காம் பயிற்சிக்கான செய்தி

நான் எப்போதும் கேமராவை ஆன் செய்துவிட்டுத்தான் பாடம் நடத்துவேன். பிள்ளைகள் செய்ய மாட்டார்கள். நானூற்றுச் சொச்சம் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து, "நான் பேசறது கேக்குதா கண்ணுங்களா?" என்று கேட்டுக்கேட்டே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன், சார். பல்கலைக்கழக நூலகர் வேலையில் இதுவும் சேர்த்தி. ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று தேடிக் கண்டுபிடிக்க முதலாண்டுக்காரர்களுக்கு இணைய வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

நான்காம் பயிற்சிக்கு நானே ஒரு பொய்ச் செய்தி எழுதி இணையத்தில் போடுவேன். யார் எழுதியது, வேறு எங்கே வந்திருக்கிறது என்று அவர்கள் தோண்ட வேண்டும். கெடு முடியும்வரை விடையை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. விட்டால் ஐந்தே நிமிடத்தில் மொத்த வகுப்பும் காப்பியடித்துவிடும். முன்பெல்லாம் இரட்டைத் தலை மீன், மூழ்கிய தீவு என்று எழுதினேன். சீனியர்கள் விடையை முதலாண்டுக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த வருடம் வளாகத்துக்குள்ளேயே ஒன்றை எடுத்தேன். மருத்துவ அறை நர்ஸ் காலாவதியான ஊசி போடுகிறாள் என்று எழுதி, அவள் படத்தையும் வைத்தேன். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். எதையும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

திங்கட்கிழமை போட்டேன்; வெள்ளிக்கிழமை கெடு. செவ்வாய்க்குள் பெற்றோர் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது. புதன்கிழமை அவள் என் மேஜை முன்னால் வந்து நின்று அழுதாள்.

"அக்கா, என்னைப் பாத்தாலே பிள்ளைங்க ஓடுதுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் கண்டுபிடிக்கத் தெரியுமே. யாரு எழுதினதுன்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா. எல்லாம் சரியாயிடும்."

பாவமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் பயிற்சி வீண், என் வேலைக்கும் உலை. பக்கத்தை அழிக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் அறுபது இடத்தில் எடுத்துப் போட்டிருந்தார்கள். வசமாக மாட்டிக்கொண்டேன். இன்னும் இரண்டு நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று மதியம் விடுதியில் ஒரு முதலாண்டுப் பெண்ணைத் தேனீ கொட்டியது. உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருக்கிறது. நர்ஸ் ஊசியோடு ஓடியிருக்கிறாள். அந்தப் பெண் கையை நீட்டவே இல்லை. தோழிகள் இவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். "நல்ல மருந்துதாம்மா, தேதியைப் பாருங்கம்மா" என்று இவள் கதவைத் தட்டிக் கதறியது விடுதி முழுக்கக் கேட்டிருக்கிறது. வண்டி பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பெண்ணுக்கு உயிர் இல்லை. சாயங்காலம் நீங்கள் வந்து, காலாவதி ஊசிப் புகாரில் நர்ஸை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனீர்கள்.

அவளை விட்டுவிடுங்கள், சார். எழுதியது நான். பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். கெடு இன்று ஐந்து மணிக்குத்தான் முடிந்தது.

அதுவரை சும்மா உட்கார முடியாமல், வந்த விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். செத்துப்போன அந்தப் பெண்ணும் புதன்கிழமையே தன் விடையை அனுப்பியிருந்தாள். "செய்தி உண்மை. ஆதாரம்: நூலகர் மேடம் கொடுத்த பக்கம்." படித்ததும் அழுதுவிட்டேன். ஆனாலும் பூஜ்யம்தான் போட முடிந்தது, சார். ஒரே ஒருவர் சொன்னதை வைத்து எதையும் நம்பக் கூடாது என்று அவளுக்கு நான் அத்தனை முறை சொல்லியிருந்தேன்.