கௌசியா எழுதிய அட்டைகள்

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சங்ககிரிக்கு முன்னால் ஆளே இல்லாத ஒரு கிளைச் சாலை... பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கிட்ட வந்து உட்காருங்கள்.

என் தோழி பிரவீனாவின் பெரியப்பா வெள்ளியங்கிரி. இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தலைமை நூலகர்; பெயர் வேண்டாம். வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறையோடு ஆரம்பித்த நூலகம் அது. பிறகு ஆறு கல்லூரிகளில் கிளை. எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. சேலத்துக் கௌசியா, தற்காலிக ஊழியர், ஊர் ஊராக பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு புத்தகத்துக்கும் கையால் பட்டியல் அட்டை எழுதினார். பத்தொன்பது வருடம்.

கம்ப்யூட்டர் வந்தது. அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஏற்றி முடித்த மாதமே வெள்ளியங்கிரி கௌசியாவை நிறுத்திவிட்டார். பொன்விழா மலரில் நூலக வரலாற்றை எழுதியதும் அவர்தான். பட்டியலைத் தானே உருவாக்கியதாக எழுதிக்கொண்டார்.

கௌசியா மலரோடு வந்து நின்றார். "இதுல என் பேரு எங்க சார்?"

"டெம்பரவரி ஆளுக்கெல்லாம் எதுக்கம்மா பேரு?"

அந்த வாரமே கௌசியாவுக்கு மாரடைப்பு. போய்விட்டார்.

நாற்பதாம் நாள், அட்டைகளைக் கழித்துவிடலாம் என்று வெள்ளியங்கிரியும் இரண்டு அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். மினி லாரியில் மூட்டை மூட்டையாக ஏற்றி, காகித ஆலைக்கு வெள்ளியங்கிரியே கூடப் போனார்.

அந்தக் கிளைச் சாலையில்... பின்னால், நூலகத்தில் அட்டைகள் இருந்த இழுப்பறை திறக்கும் சத்தம். கிரீச்... டக். கிரீச்... டக். வண்டியில் இழுப்பறையே கிடையாது. அந்துருண்டை வாசனை வேறு.

டிரைவர் ராசப்பன் நிறுத்தினார். "ஏனுங்க, பின்னாடி ஆரையாச்சும் ஏத்துனீங்களா?"

வெள்ளியங்கிரி இறங்கிப் போனார். ஒரு நிமிடம்... ஐந்து நிமிடம்...

ராசப்பன் போய்ப் பார்த்தார். மூட்டைகள் அவிழ்ந்து கிடந்தன. எல்லா அட்டையும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. நடுவில் வெள்ளியங்கிரியின் வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எழுத்து கௌசியாவுடையது.

நூலக அட்டையில் ஆசிரியருக்குப் போடுவார்களே, அதே மாதிரி. பெயர், பிறந்த வருடம், சின்னக் கோடு, இறந்த வருடம். முதல் அட்டை, கையெழுத்துப் போட்ட ஓர் அதிகாரிக்கு. அன்றைக்கு அவர் உயிரோடுதான் இருந்தார். எழுதியிருந்த வருடம் முடியும் முன்பே போனார். இரண்டாமவரும் தன் அட்டையில் இருந்த வருடத்திலேயே.

மூன்றாவது அட்டை வெள்ளியங்கிரிக்கே. கை தினமும் அதையே எழுதுகிறது. பேனாவைப் பிடுங்கினால் நகத்தால் சுவரில். வெள்ளியங்கிரி, 1962, ஒரு கோடு... அங்கேயே நின்றுவிடும்.

போன வாரம் பிரவீனா பார்க்கப் போயிருந்தாள். நகமே இல்லாத அந்தக் கையைப் பார்த்து அவர் கெஞ்சிக்கொண்டிருந்தாராம்.

"வருசத்தையும் எழுதிப்போடு சாமி..."

கை அடுத்த அட்டையை எடுத்தது.