வரிக் கோர்ட்டுக்குப் போகும் மீன்

யுத்த காலம். மதராஸ் ரயில் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பியதுமே எங்கள் பெட்டியில் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு எதிரே இருந்த கருவாட்டு வியாபாரி, கால்மாட்டிலிருந்த கூடையைத் தட்டிப் பக்கத்து இளைஞரிடம் சொன்னார்:

“இந்த மீன் ஜட்ஜுமாருக்குல்லா போகுது.”

“லஞ்சமா அண்ணாச்சி?”

“சும்மா கெடலே. இது சாட்சி. உப்புப் போட்ட ஈர மீனை எடை போட்டு வாங்குதோம், காய வச்சுக் கருவாடா விக்கோம். வித்த எடை வாங்குனதுல பாதிதான் இருக்காம். மீதியை நான் ஒளிச்சு வித்துட்டேன்னு வரி ஆபீசர் சொல்லுதாரு.”

“காஞ்சா எடை குறையுமே!”

“அவரும் கேக்கல, மேலாபீசரும் கேக்கல. மதராஸ்ல வரி வழக்குக்குன்னே தனிக் கோர்ட்டு இருக்கு. ரெண்டு ஜட்ஜு. ஒருத்தர் சட்டம் படிச்சவரு, மத்தவரு கணக்கு படிச்சவரு.”

“நீங்க சொன்னா நம்புவாவளா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? இந்த ஈர மீனைத் தூத்துக்குடி ஸ்டேஷன் தராசுல நிறுத்து, சீல் வச்ச சீட்டு வாங்கியாச்சு. எழும்பூர்ல எறங்குனதும் அங்கன நிறுத்து இன்னொரு சீட்டு. ரெண்டையும் மேசையில வச்சுட்டு நான் பேசாம நிப்பேன்.”

மணியாச்சி வருமுன்பே கூடைக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஓடி வந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

“அண்ணாச்சி, ஒழுகுதே! துணி வச்சு அடைக்கட்டா?”

“தொடாதலே. அது இப்பவே வாதாட ஆரம்பிச்சுட்டு.”