மஞ்சள் நீர் தெளித்த ராடுகள்

அவையை நடத்தித் தரும் சிறுதொழில் சங்கத் தலைவர் கங்கப்பன் அவர்களே, இரும்போடு இரும்பை இணைத்து இந்த ஓசூரை எழுப்பிய பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பக்கத்து ஊரான பேரிகையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் வெல்டர் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

விலை உயர்ந்த வெல்டிங் ராடு வேண்டுமா, வேண்டாமா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. வேதியியல் படித்தவள், உலோகச் சோதனைக்கூடம் நடத்துகிறவள் என்பதால் அழைத்தீர்கள். ஒரு மாதத்துக்கு முன் அழைத்திருந்தால், "விற்பவர் பேச்சை நம்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அமர்ந்திருப்பேன். பளபளக்கும் டப்பாவைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. என் அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை.

வெங்கடப்பன் அவர்களின் பட்டறையை அறியாதவர் உண்டா? கல்குவாரிக்காரர் ஒருவர் அங்கே வந்து, கருங்கல் பாளங்களைத் தூக்க இரும்புச் சட்டம் ஒன்று கேட்டார். மூன்று மடங்கு விலையுள்ள ராடில்தான் பற்றவைக்க வேண்டும் என்றார். வாங்கினார்கள். பற்றவைத்தவர் திம்மராயன், பதினோரு ஆண்டு அனுபவக்காரர். மறுநாள் சட்டம் நன்றாகத்தான் தூக்கிற்று. அதற்கடுத்த நாள் முறிந்தது! பாளம் விழுந்தது! கீழே வேலை செய்துகொண்டிருந்த சென்னம்மாளின் பாதத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே இருந்தது எவ்வளவு? ஒரு சாண். ஒரே ஒரு சாண்!

அன்றே திம்மராயனுக்கு வேலை போயிற்று. "குடிச்சிட்டுப் போட்டிருப்பான்" என்றார் வெங்கடப்பன். ஊரும் அதையே சொல்லிற்று. பிறகு எந்தப் பட்டறையும் அவரை வாசலில்கூட நிற்க விடவில்லை.

முறிந்த துண்டு சோதனைக்காக என்னிடம் வந்தது. அறுத்துப் பார்த்தேன். கைவேலையில் குறையே இல்லை. அடிவரை உருகிப் பிடித்திருந்தது. ஆனால் பற்றவைத்த இடத்தை ஒட்டி, இரும்புக்குள்ளே, மயிரிழை போல ஒரு விரிசல். அது ஈரம் செய்த வேலை. ராடின் மேல்பூச்சில் ஈரம் இருந்தால், அது நெருப்பில் பிரிந்து, வாயுவாக இரும்புக்குள் புகுந்து, ஒளிந்து கிடந்து, ஓரிரு நாள் கழித்துப் பிளக்கும்.

திம்மராயனை வரவழைத்தேன். "சொல்லுங்க, ராடு எப்ப நனைஞ்சது?" என்று கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு டப்பாவ ஒடச்சு சாமி முன்னால வெச்சோமுங்க. மஞ்சத் தண்ணி தெளிச்சாங்க. விஜயதசமி அன்னைக்குப் பத்த வெச்சா, பொரிஞ்சு பொரிஞ்சு தெறிக்குது. 'ஓனரே, ராடு ஈரமா இருக்குது, இது வேணாம்'னேன். 'சாமிக்கு வெச்ச ராடுடா, ஒண்ணும் ஆவாது, போடு'ன்னாரு."

"தண்ணி தெளிச்சது யாரு?"

"நீங்கதாம்மா. சீஃப் கெஸ்ட்டா வந்தீங்களே!"

அவையோரே, அன்று பல பட்டறைப் பூஜைகளுக்குப் போனதில் மறந்தே போயிருந்தேன்; அந்த மாவிலை இருந்தது இந்தக் கையில்! லேத்துக்குத் தெளித்தேன். டிரில்லுக்குத் தெளித்தேன். விலை உயர்ந்த ராடாயிற்றே என்று அதற்கு மட்டும் மூன்று முறை தெளித்தேன்! நான் படித்த படிப்பு அப்போது எங்கே போயிற்று? பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த ஒரு சாணை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? "வெயில்ல காய வெச்சா போதாதாம்மா?" என்கிறீர்களா? அப்பளத்துக்குப் போதும். இந்த ராடை முந்நூறு டிகிரிக்கு மேல் ஓவனில் வைத்துச் சுட வேண்டும், சூடு ஆறுவதற்குள் பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் வேண்டுமா, வேண்டாமா? ஜன்னலுக்கும் கேட்டுக்கும் வேண்டாம், காசைக் கரியாக்காதீர்கள். மனிதர் தலைக்கு மேல் பாரம் தொங்கும் வேலைக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் ராடுக்கு மூன்று மடங்கு கொடுத்துவிட்டு, ஓவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்றால்? "ஈரமா இருக்குது" என்று வெல்டர் சொன்ன சொல்லைக் காதில் வாங்க மாட்டேன் என்றால்? அந்தப் பட்டறைக்கு எந்த ராடும் வீண்! எந்த விலையும் வீண்!

வெங்கடப்பன் அவர்களே, முதல் வரிசையில் இருக்கிறீர்கள். என் தவறை அறிக்கையில் எழுதி, கையெழுத்திட்டு, உங்களுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுந்துவிட்டார். கொஞ்சம் அமைதி, அமைதி. "நாளைக்குக் காலையில அவன வேலைக்கு வரச் சொல்லுங்கம்மா" என்கிறார்.

நான் சொல்ல மாட்டேன் ஐயா. நான்கு வரிசைக்குப் பின்னால், தூணோரம், மனைவி செல்லியோடு அவரே உட்கார்ந்திருக்கிறார். குடித்திருந்தார் என்று ஊரறியச் சொன்னீர்கள்; குடிக்கவில்லை என்பதையும் ஊரறியச் சொல்லுங்கள். திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதோ, வெங்கடப்பன் அவர்கள் மேடைக்கு வருகிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. திம்மராயன் அவர்களே, உங்களுக்கு என் வணக்கம்.