கத்தத் தெரியாத மருமக

இப்படிக் கிட்ட வந்து உக்காரும்மா, சத்தமாப் பேசினா அந்த நர்ஸு மொறைக்குது. அதான் சொல்றேன், வலின்னா மனுஷி கத்தணுமா இல்லையா? உள்ள படுத்திருக்காளே என் மருமக, கத்தவே மாட்டா. மகாராணி!

அவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே ரத்தத்துல கோளாறு. சிக்கிள் செல்லுன்னு பேரு. ரத்த அணு உருண்டையா இல்லாம அரிவாளாட்டம் வளைஞ்சு அங்கங்க அடைச்சுக்குமாம். அடைச்ச எடமெல்லாம் எலும்ப உடைக்கிற வலி. இவ என்ன பண்ணுவா? பல்லக் கடிச்சிக்கிட்டு செல்போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. வலிய மறக்கணுமாம்!

இன்னிக்கு நெஞ்சும் சேந்து வலிக்குது, மூச்சு முட்டுதுன்னா. பதறிப்போயி போன் போட்டேன். ஆம்புலன்ஸுல ரெண்டு தம்பிங்க வந்தாங்க. பெரியவன் கேக்குறான், "அடிபட்டுச்சா? மயக்கமா? ரத்தம் வந்துச்சா?" வரலப்பா, உள்ள ஓடுறதுதான் பிரச்சன! "பத்துக்கு எவ்ளோ வலி?"ங்கிறான். "ஒம்பது"ங்கிறா இவ, பஸ் நம்பர் சொல்றாப்புல! அவன் சிரிக்கிறான். "ஒம்பதுன்னா இப்படியா இருப்பாங்க? போதையேத்துற வலி ஊசிக்காகச் சொல்றீங்களா?" ஆமாய்யா, ஊசி குத்திக்கிறதுன்னா இவளுக்கு அவ்ளோ ஆச!

அப்புறம்? யாராவது கத்தணும்ல? நான் கத்துனேன். மார்ல அடிச்சிக்கிட்டு, தரையில உக்காந்து... சும்மா சொல்லக்கூடாது, தெருவே கூடிருச்சு. அப்பதான் அவனுங்களுக்கு வேல ஞாபகம் வந்துச்சு. ஓடி வந்து கையில பட்டையச் சுத்துறாங்க... யாருக்கு? எனக்கு! "பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருக்கு, மொதல்ல அம்மாவ ஏத்து"ங்கிறான். "எனக்கில்லடா, அவளுக்குடா"ன்னு நான் கத்தக் கத்த இன்னும் ஏறுதாம்!

திரும்பிப் பாத்தா நாற்காலியில அவளக் காணோம். வெளிய ஓடுனா... செவுத்தப் புடிச்சிக்கிட்டே போயி, வாசல்ல நின்ன வண்டியில தானே ஏறிப் படுத்திருக்கா! ஆக்சிஜன் மாஸ்க்க மாட்டிக்கிட்டு, வெரல்ல அளவு பாக்குற கிளிப்பையும் மாட்டிக்கிட்டா. எத்தன தடவ போனவ, எது எங்கருக்குன்னு தெரியாதா? அவ கத்தாததையெல்லாம் அந்த மெஷினு கத்துது. ஆக்சிஜன் நம்பரு எறங்கிக் கெடக்குறதப் பாத்ததும் பெரியவன் மூஞ்சில ஈயாடல. அப்புறம் ஊசியென்ன, "அக்கா, அக்கா"ன்னு மரியாதையென்ன!

நானும் பக்கத்துல உக்காரலாம்னு கால வச்சேன். மாஸ்க்கத் தூக்கிட்டு, மூச்சிழுத்து மூச்சிழுத்துச் சொல்றாம்மா, "தம்பி... அத்தைய முன்னாடி டிரைவர் பக்கத்துல ஏத்துங்க. நடுவுல இருக்கிற கண்ணாடியச் சாத்திருங்க."