சகலைக்கு மெல்லிசாம்

...கழுத்தக் கொஞ்சம் மேல தூக்குங்க சார். ஆங், அப்படித்தான். நான் தலை சுத்துதுன்னு போனேன் சார். தலை! அந்த டாக்டரு கழுத்தப் பாக்குறாரு. கழுத்தப் பாத்துட்டு ரத்தத்துல சக்கரைங்கறாரு. கதவு கிரீச்சுங்குதேன்னு ஆளக் கூப்ட்டா, அவன் நேரா அடுப்படிக்குப் போயி உப்பு டப்பாவத் தொறந்து பாத்த மாதிரி இல்ல? நீங்களே சொல்லுங்க. வேணாம் வேணாம், சொல்லாதீங்க, நுரை வாய்க்குள்ள போயிரும்.

இந்தா, தாடைக்குக் கீழ... துடிக்குதே, இதேதான். இந்த எடத்துலதான் ஜில்லுனு எதையோ தடவி, ஒரு கருவிய வச்சு உருட்டுனாங்க. காலம்பூரா ஊரான் கழுத்துல தடவுற ஆளு நான். என் கழுத்துல ஒருத்தன் தடவுனது அன்னைக்குத்தான். திரையில என்னமோ கறுப்பு வெள்ளையா ஓடுது. 'ரத்தக்குழாய் செவுரு தடிச்சிருக்கு'ன்னாரு. நான் சிரிச்சுட்டேன் சார்! நான் இருக்குற வாடகை வீட்டுல பக்கத்து வீட்டுக்காரன் கொட்டாவி விட்டாக்கூடக் கேக்கும். நம்ம உடம்புக்குள்ளயாவது கெட்டிச் செவுரா இருக்கேன்னு எனக்கு ஒரே பெருமை!

அப்புறந்தான் சொல்றாரு, உள்பக்கமாத் தடிக்குதாம். ரத்தம் போற வழி சுருங்குமாம். இப்படித் தடிச்ச பல பேருக்குச் சக்கரையும் கோளாறா இருக்கும்னு, ரத்தத்த எடுத்துப் பாத்தாரு. பாத்தா... இருக்கு! சாப்பிட்டா சக்கரை ஏறுறது எல்லாருக்கும் உள்ளதுதானாம். ஏறுனது நேரத்துக்கு எறங்கணுமாம். எனக்கு எறங்க மாட்டேங்குதாம். ஓசி விருந்தாளி மாதிரி உள்ளயே உக்காந்துக்கிட்டு, வருசக்கணக்கா செவுத்தப் பாழாக்குதாம்.

சரி, தடிச்சாத் தடிச்சுட்டுப் போகுது. என் வயித்தெரிச்சல் அது இல்ல சார். துணைக்கு வந்தாரு பாருங்க என் சகலை, என் வீட்டுக்காரியோட அக்கா புருசன்! வயசுல பெரியவரு, மரியாதையாத்தான் சொல்லணும், வாய் வரமாட்டேங்குது. அவன் தொப்பைய வைக்கவே தனியா ஒரு ஸ்டூல் வேணும். 'வந்ததுதான் வந்தோம், எனக்கும் ஒண்ணு பாத்துருங்க'ன்னு ஏறிப் படுத்தான். பட்டு மாதிரி இருக்காம் சார் அவன் செவுரு! மெல்லிசாம்! அன்னையிலேர்ந்து என் வீட்டுல வேற பேச்சே இல்ல. குழம்புல காரம் தூக்கலா இருக்கேன்னு வாயத் தொறந்தா, 'அக்கா வீட்டுக்காரருக்கு மெல்லிசா இருக்கு, அவரு ஒண்ணும் சொல்லலியே'ங்கறா. என்ன பொருத்தம் சார் இது?

ஃபேன் ஓடுதா இல்லியா? எனக்கு மட்டும் ஏன் இப்படி ஊத்துது...

எங்க விட்டேன்? ஆங், சகலை. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காரு டாக்டரு. அவனும் வர்றானாம், வேடிக்க பாக்க! விடுவேனா நான்? மாத்திரை குடுத்தாரு. தினம் ஒண்ணு போட்டு உடனே சாப்பிடணும்னாரு. நான் யோசிச்சேன். மாத்திரை சக்கரைய எறக்குது, சாப்பாடு ஏத்துது. ஒருத்தன் எறைக்க எறைக்க இன்னொருத்தன் ஊத்திக்கிட்டே இருந்தா தொட்டி என்னைக்கு சார் காலியாகும்? அதான் மாத்திரைய மட்டும் போட்டேன். காலைல ஒண்ணு. நாளைக்குப் போட வேண்டியத மத்தியானமே இன்னொண்ணாப் போட்டுட்டேன். நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி தவிர எதுவும் பல்லுல படல. வீட்டுக்காரி கட்டிக் குடுத்த டப்பா அந்தா கண்ணாடிக்குக் கீழ அப்படியே கெடக்கு. நாளைக்குப் பாருங்க, என் செவுரு காகிதம் மாதிரி இருக்கும்!

ஏன் சார் இப்படி முழிக்கிறீங்க? ஆடாதீங்க. கழுத்துல கத்தி இருக்குறப்ப ஆடலாமா? என்னது... நான் ஆடுறேனா? நானா? சேச்சே. கையெல்லாம் நடுங்கல சார். கத்திதான் நடுங்குது. ஆமா, வரும்போது உங்களுக்கு ஒரு மீசைதானே இருந்துச்சு? இப்ப ஏன் ரெண்டா இருக்கு? எந்த மீசைய சார் ஒதுக்கணும்?

சார்! சார்! எங்க ஓடுறீங்க? ஒரு கன்னந்தான் ஆச்சு! மேல போத்துன துணியோட ஓடுறாரு பாரு மனுசன்! யோவ், துணியக் குடுத்துட்டுப் போய்யா! நல்ல வேலைக்காரன அவமானப்படுத்திட்டு... தெருவுல போறவன்லாம் என்ன நெனப்பான்... ஐயோ, காலு... இந்த நாற்காலியில கொஞ்சம்... நிசமாவே நடுங்குதே. ஏ கையி, நில்லு. நில்லுடா. உன்ன நம்பித்தானே எல்லாரும் கண்ண மூடிக் கழுத்தக் குடுக்குறாங்க. நீ நடுங்குனா இனி எவன் குடுப்பான்...

யாரு? நீங்களா? ஓடலியா நீங்க? என்ன சார் அது, ஜூஸா? சக்கரை போட்டதா? ஐயயோ, நாளைக்கு டெஸ்ட்டு சார்! சகலை வர்றான் சார்! ...சரி, முறைக்காதீங்க. குடிக்கிறேன். குடிக்கிறேன்.

...அப்பா.

இப்ப உங்களுக்கு ஒத்தை மீசைதான். போன்ல யாரு, டாக்டரா? மாத்திரைக் கவர்ல நம்பர் இருந்துச்சா? என்னங்கறாரு? ரெண்டு மாத்திரை போட்டதால மறுபடி எறங்குமாமா? சாப்பிட்டுட்டு உடனே கெளம்பி வரணுமா? வர்றேன்னு சொல்லுங்க. அப்படியே அந்தச் செவுரு... என்னது? ஒரு நாள் பட்டினிக்கெல்லாம் மெலியாதாமா? வருசக்கணக்குல தடிச்சதா? அப்ப நான் காஞ்சது தண்டமா சார்? ஏன் சார், டாக்டரு சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

டப்பாவத் தொறந்தே குடுத்துட்டீங்களா? உங்களுக்கும் ஒரு வாய்... வேணாமா? அட, கத்திய எதுக்கு சார் எடுக்குறீங்க? நீங்களே வழிச்சுக்கிறீங்களா? என் கடையில, என் கண்ணாடியில, நான் நாற்காலியில உக்காந்து சாப்பிட, வாடிக்கை நின்னுக்கிட்டு சவரம்! நல்லா இருக்கு சார் நியாயம். பாத்து, தாடைக்குக் கீழ மெதுவா... மேலேர்ந்து கீழ... நான் வேணா எந்திரிச்சு வந்து கழுத்தப் பிடிச்சுக்கவா?

சரி, சரி. சாப்பிடுறேன்.