நான்காம் எண் பெவலர்

பெவலர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். தாங்கள் தோல்வேலை அறியாதவர் ஆதலால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஐயா. ஈரம் ஊட்டிய தோலில் கத்தியால் கோடு கீறி, அக்கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சரித்து அமுக்கினால், மறுபக்கம் மேலெழுந்து இலையாகவோ பூவாகவோ தெரியும். அமுக்குவதற்குரிய விரல்நீள எஃகு அச்சுத்தான் பெவலர். அகன்ற முனை நீண்ட வளைவுக்கு. குறுகிய முனை மூலைக்கு. எதுவாயினும் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிய பின்னரே தோலில் வைத்தல் வேண்டும். மழுக்காத முனை அமுக்காது, அறுக்கும்.

இவ்வளவு எளிய செய்தி என் தங்கையின் கணவனுக்கு ஈராண்டாகியும் மண்டையில் ஏறவில்லை. உயர்ந்த கட்டடங்களுக்கு வெளிப்புறம் வண்ணம் பூசுவது அவன் தொழில். இடுப்பில் தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராகத் தொங்குவான். கூட்டாளிகள் 'பல்லி' என்றே அழைத்தார்கள். என்னைப் பார்த்துத் தோல்வேலையில் ஆசை பிறந்து, பன்னிரண்டு பெவலர் அடங்கிய மலிவுப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தான். ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டியிருந்தது. எண்களைப் படிக்கத் தெரிந்தமையால் தொழிலும் தெரிந்துவிட்டதாக நம்பினான்.

கைவினைஞர் சங்கக் கண்காட்சிக்கு நான் ஏழு வாரம் உழைத்துச் செய்த புத்தக உறையை அனுப்பினேன். அவன் ஒரு கைப்பையை அனுப்பினான். அதில் ஒரு பறவை. கோட்டின் வெளிப்புறத்தை அமுக்குவதற்கு மாறாக உட்புறத்தை அமுக்கியிருந்தான். பறவை மேலெழாமல் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. பழகத் தொடங்கிய முதல் வாரத்தில் எவரும் செய்து, எவரும் வெட்கப்படும் பிழை அது. நடுவர் மூவரும் "புதுமை, புதுமை" என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர்களுள் ஒருவர் பல் மருத்துவர். பள்ளத்தைக் கண்டு பரவசப்படுவது அவருக்கு இயல்பே. முதற்பரிசு அவனுக்கு. கலந்துகொண்டமைக்கு நன்றி எனக்கு.

பொறாமை என்று தாங்கள் எண்ணக்கூடும். தன்னினும் தாழ்ந்தவன்மீது எவரும் பொறாமை கொள்வதில்லை.

அடுத்த மாதம் அவன் தன் பெல்ட்டோடு என் பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், இதுல ஒரு கொடி செதுக்கிக் குடுங்களேன்."

"அம்பதடி ஒசரத்துல எவன் பாக்கப்போறான், மாப்பிள்ளை?"

"காக்கா குருவி பாக்கட்டும். அதுங்களுக்கு ரசனை இருக்காதா?"

"முதல் பரிசு வாங்கின கை. நீங்களே செதுக்கிக்க வேண்டியதுதானே?"

"ஐயோ, கிண்டல் பண்ணாதீங்க மச்சான். பை கிழிஞ்சா தைச்சுக்கலாம். இதுல என் உசுரு தொங்குது. இதுக்கு உங்க கைதான் வேணும்."

பரிசு பெற்றவர்களுக்குப் பணிவாகப் பேசுவதும் ஒரு சொகுசு. அவனுடைய பெட்டியை இரவல் கேட்டேன். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தான்.

மூன்று கருவிகளை மேசைமேல் வைத்து யோசித்தேன். என்னுடைய அகன்ற பெவலரால் தட்டினால் தோல் இறுகும். இருபது ஆண்டு உழைக்கும். கட்டம் போட்ட முனையுள்ளது நிழல் மட்டுமே தரும். அவன் பெட்டியிலிருந்த நான்காம் எண்ணோ குறுகியது, ஏறக்குறையச் செங்குத்தானது, ஆலையிலிருந்து வந்தபடியே மழுக்காமல் இருந்தது. அதே கனமுள்ள துண்டுத் தோலில் சோதித்தேன். இரண்டு அடிக்குத் தாங்கிற்று. ஐந்தாவது அடியில் உள்நார் அறுந்தது. இரு கையாலும் இழுத்தபோது சிறிய ஓசையுடன் பிரிந்தது.

கொடியின் ஒரு தண்டை மட்டும் கொக்கியின் அருகே, பாரம் தாங்கும் இடத்தில், பெல்ட்டின் குறுக்கே வளைத்தேன். கோட்டின் இருபுறமும், இடந்தோறும் ஐந்து அடி. பின்புறத்தில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தில் சாயமும் மெழுகும் ஏற்றினேன். இலைகளை என் சொந்தக் கருவிகளால் செய்தேன். மிக நன்றாக அமைந்தன.

"அடேயப்பா! இதப் போட்டுக்கிட்டு ஏறுனா எறங்கவே மனசு வராது போலிருக்கே" என்றான். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் என்று கணித்திருந்தேன். பத்து நாள் தாங்கிற்று. பதினோராம் நாள் முற்பகலில், தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் அவன் தூரிகையோடு சாய்ந்தபோது பெல்ட் அறுந்தது. தண்டின் வழியே, நூலளவும் விலகாமல்.

தாங்கள் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து விசாரணை அறிக்கையில் எழுதினீர்கள்: 'அலங்காரம் செய்தவரின் திறமைக்குறைவால் தோல் வலுவிழந்துள்ளது. தீய நோக்கம் தென்படவில்லை.' அந்த வரிகளை மூன்று முறை படித்தேன்.

நேற்று என் தங்கை பட்டறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, கை தவறிடுச்சு, அவ்வளவுதானே? அவங்களே எழுதிட்டாங்க. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். இனிமே எனக்கு உன்னை விட்டா யாருண்ணா இருக்கா?"

ஆம் என்றிருந்தால் யாவும் அத்துடன் முடிந்திருக்கும். அவள் அழுது தீர்த்திருப்பாள். நான் தலையைத் தடவிக்கொடுத்திருப்பேன். அவள்மீது எனக்கு அன்பு உண்டு.

"என் கை தவறாதும்மா" என்றேன்.

அவளுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து போனாள்.

ஆகையால், ஐயா, அறிக்கையில் 'திறமைக்குறைவு' என்னும் சொல்லை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றைத் தங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம்.